பச்சைப் புத்தகம் யாருக்கு?

கேள்வி: என் கணவர் ஆங்கிலேயர். மாமியார் வீட்டுப் பரணை ஒழித்தபோது, பிஸ்கட் டின் ஒன்றில் இரண்டாம் உலகப் போர்க்கால ரேஷன் புத்தகங்கள் இரண்டு கிடைத்தன. இரண்டிலும் மாமியாருடைய அம்மாவின் பெயர்தான். ஒன்று மங்கிய மஞ்சள், மற்றது பச்சை. ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு? ‘பாட்டி கள்ள மார்க்கெட்டில் கைதேர்ந்தவர்’ என்று வீட்டில் ஒரே கிண்டல். மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது.
– வாசகி, லெஸ்டர்

பதில்: பாட்டியை வம்புக்கு இழுப்பவர்களிடம், பச்சைப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் ஆண்டையும் உங்கள் மாமியார் பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள், பெரியவர்களுக்கான சாதாரணப் புத்தகம். பச்சை, கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் உரியது. அதைக் காட்டினால் தினம் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) பால், இரண்டு பங்கு முட்டை. ஆரஞ்சு வந்தால் முதல் உரிமையும் அவர்களுக்கே. ஆண்டும் பிறந்த தேதியும் ஒத்துவந்தால், அது உங்கள் மாமியார் பாட்டியின் வயிற்றில் இருந்தபோது அவருக்காக வாங்கிய ரேஷன்!

அந்தப் பாலும் முட்டையும் அன்று எவ்வளவு பெரிய விஷயம் என்று கிண்டல் செய்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? பங்கீடு 1940 ஜனவரி 8 அன்று பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி), வெண்ணெய், சர்க்கரையோடு ஆரம்பித்தது. அளவு அவ்வப்போது மாறும். பெரும்பாலும் ஒருவருக்கு வாரத்துக்கு வெண்ணெய் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். தேயிலையும் அதே அளவு. முட்டை ஒன்று, அதுவும் வந்தால்தான். நினைத்த கடையில் வாங்கவும் முடியாது. பதிவு செய்துகொண்ட கடைக்குத்தான் போக வேண்டும். உள்பக்கங்களைப் புரட்டுங்கள், கடைக்காரர் பெயர் இருக்கும். எனக்கென்னவோ வாங்கியவர் பெயரைவிட அந்தப் பெயர்தான் சுவாரசியம். பாட்டி எந்தத் தெருவில் வரிசையில் நின்றார் என்பதை அதை வைத்துத் தேடிப் பிடிக்கலாம்.

அட்டையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். 1939 செப்டம்பர் 29 அன்று நாடு முழுக்க வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பில் கொடுத்த எண் அது. எழுத்துகள் வட்டாரத்தைச் சொல்லும், அடுத்த எண் வீட்டை, கடைசி எண் வீட்டில் எத்தனையாவது ஆள் என்பதை. அந்தப் பதிவேட்டை இப்போது இணையத்தில் பார்க்கலாம். பின்னால் கல்யாணமான பெண்களுக்குப் புதுப் பெயரையும் அதிலேயே எழுதிச் சேர்த்திருப்பார்கள். ஆகவே கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், கோடிப் புண்ணியம். செல்லோ டேப்பும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசி, கிளிப் இருந்தால் மெதுவாக எடுத்துவிட்டு, அமிலமில்லாத காகித உறையில் போட்டு வையுங்கள். பரண் வேண்டாம், வெயில் படாத அலமாரி போதும்.

கேள்வி: அதே பெட்டியில் 1947ஆம் ஆண்டு ரொட்டிக் கூப்பனும் இருக்கிறது. போர்தான் 1945லேயே முடிந்துவிட்டதே?
– அதே வாசகி

பதில்: வேடிக்கை அதுதான். குண்டு விழுந்தபோது ரொட்டிக்குப் பங்கீடே கிடையாது. 1946 ஜூலையில் கொண்டுவந்து, 1948 ஜூலையில்தான் எடுத்தார்கள். இறைச்சிக்கு 1954 ஜூலை 4 வரை கட்டுப்பாடு இருந்தது. அந்தத் தேதிக்குள் உங்கள் மாமியார் பள்ளிக்கூடமே போயிருப்பார். கேட்டுப் பாருங்கள், மிட்டாய்க்கும் கூப்பன் கொடுத்தது நினைவிருக்கும்.