லிப்போசோம் கிரீமில் பிரிசர்வேட்டிவ்: கேள்வி பதில்

கேள்வி: சாதாரண ஜெல்லைக் கெடாமல் காக்கும் மெத்தில், புரோப்பில் பாராபென் கலவையை, அதே அளவில் 5 சதவீத லெசித்தின் (பாஸ்போலிப்பிட் என்ற வகைக் கொழுப்பு) உள்ள லிப்போசோம் (மருந்தைச் சுமக்கும் நுண்ணிய கொழுப்பு உருண்டை) சீரத்தில் போட்டால் மூன்றே வாரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. எங்கே தவறு?

பதில்: போட்டது முழுக்க சீரத்தில்தான் இருக்கிறது, ஆனால் நீரில் இல்லை. கிருமி வளர்வதோ நீரில். பாராபென் கொழுப்பை நாடும் பொருள் என்பதால் லிப்போசோமின் இரட்டைச் சுவருக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆக்டனால்–நீர் பங்கீட்டு எண்ணை (கொழுப்பு போன்ற ஆக்டனாலில் ஒரு பொருள் நீரைவிட எத்தனை மடங்கு சேர்கிறது என்பது) வைத்து ஒரு கணக்குப் போடலாம். அந்த எண் புரோப்பில் பாராபெனுக்குச் சுமார் 1,100, மெத்திலுக்கு 90, இன்னொரு பிரிசர்வேட்டிவான ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு 14. 5 சதவீதக் கொழுப்பு இருக்கும்போது நீரில் மிஞ்சுவது முறையே 2, 17, 58 சதவீதம். லிப்போசோம் சுவர் ஆக்டனால் அல்ல என்பதால் எண்கள் தோராயம்தான். எது அதிகம் சிக்கும், எது குறைவாகச் சிக்கும் என்பதற்கு இது போதும்.

நுண்ணுயிர் ஆய்வகங்களில் பிரிசர்வேட்டிவின் வேலையை நிறுத்த வேண்டும் என்றால் சேர்ப்பதே லெசித்தினும் பாலிசார்பேட் 80-உம்தான். பிரிசர்வேட்டிவை முறிக்கும் மருந்தைச் சீரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறீர்கள்!

கேள்வி: அப்படியானால் பாராபெனைக் கூட்டிப் போட்டால் சரியாகுமா?

பதில்: வேண்டாம். சுவரில் நெரிசல் கூடினால் சுவர் இளகி, உள்ளே அடைத்த மருந்து கசியும். விதிக்கும் ஒரு எல்லை இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தில் புரோப்பில், பியூட்டில் பாராபென் இரண்டும் சேர்ந்து 0.14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (அமிலமாகக் கணக்கிட்டு).

கேள்வி: லிப்போசோம் பிரிசர்வேட்டிவைச் சுமந்துகொண்டு ரத்தம் வரை போய்விடும் என்கிறார்களே?

பதில்: முழு உருண்டையாக அது போவதில்லை. தோலின் மேலுள்ள கொம்புப் படலத்தின் தடிமன் பொதுவாக 10 முதல் 20 மைக்ரான்; நலமான தோலில் 100 நானோமீட்டர் உருண்டை நுழையும் அளவுக்கு அதில் இடைவெளி கிடையாது. உருண்டைகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே உடைந்து, அவற்றின் பாஸ்போலிப்பிட் தோலின் கொழுப்போடு கலந்து அதைத் தளர்த்துகிறது.

பிரிசர்வேட்டிவுக்கோ லிப்போசோமின் தயவு தேவையே இல்லை. மூலக்கூறு எடை மெத்தில் பாராபெனுக்கு 152 டால்டன், ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு 138. 500-க்குக் கீழே உள்ள மூலக்கூறுகள் தோலில் நுழைய வாய்ப்பு அதிகம். இவை தாமாகவே நுழையும். லிப்போசோம் செய்வது இரண்டு எதிரெதிர் வேலைகள். சுவருக்குள் பிடித்து வைப்பதால் தோலை நோக்கித் தள்ளும் விசை குறைகிறது. தோல் கொழுப்பைத் தளர்த்துவதால் வழி எளிதாகிறது. பூசியபின் நீர் ஆவியாகி எல்லாம் செறிவடைவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எது ஜெயிக்கும் என்பது ஃபார்முலாவைப் பொறுத்தது. ஆகவே ஃபிரான்ஸ் செல்லில் (தோல் வழியே எவ்வளவு ஊடுருவுகிறது என்று அளக்கும் கருவி) தோல் வைத்து அளக்காமல் 'லிப்போசோம் என்றால் உறிஞ்சல் கூடும்' என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

நுழைந்த பாராபெனின் ஒரு பகுதியைத் தோலிலுள்ள எஸ்டரேஸ் நொதிகளே பாரா ஹைட்ராக்ஸிபென்சாயிக் அமிலமாக உடைக்கின்றன. ஃபீனாக்ஸிஎத்தனால் உடலுக்குள் ஃபீனாக்ஸிஅசிட்டிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது.

கேள்வி: பொட்டாசியம் சார்பேட் போடலாமா? மென்மையானது என்கிறார்கள்.

பதில்: பி.எச். இடிக்கிறது. பாஸ்போலிப்பிட் நீரில் மிகக் குறைவாகச் சிதைவது பி.எச். 6.5 பக்கம். அங்கே சார்பேட் தரும் சார்பிக் அமிலத்தில் வேலை செய்யும் வடிவம் 2 சதவீதம்கூட இல்லை, பி.எச். 5-இல் 36 சதவீதம். அமிலத்தைக் கூட்டினால் லிப்போசோம் சீக்கிரம் கெடும்.

கேள்வி: சரி, எதைத்தான், எந்த வரிசையில் சேர்ப்பது?

பதில்: ஃபீனாக்ஸிஎத்தனால் 0.8–0.9 சதவீதம் (ஐரோப்பிய உச்ச வரம்பு 1), துணைக்கு 2–3 சதவீதம் பென்டிலீன் கிளைக்கால், உலோகத்தைக் கட்டிப்போட 0.1 சதவீதம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. இதிலிருந்து தொடங்குங்கள். லிப்போசோம் உருவாகி 40 டிகிரிக்குக் கீழே ஆறட்டும். ஃபீனாக்ஸிஎத்தனாலைக் கிளைக்காலில் கலந்து, மெதுவாகக் கிளறியபடி சொட்டுச் சொட்டாக விடுங்கள். நேரடியாகக் கொட்டினால் விழுந்த இடத்தில் செறிவு கூடி உருண்டைகள் உடையும். சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் துகள் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். கேப்ரிலில் கிளைக்காலை நான் தவிர்ப்பேன், அதுவும் கொழுப்புச் சுவரைத்தான் தேடிப் போகும்.

20 சதவீதத்துக்கு மேல் எத்தனால் உள்ள எத்தோசோம் (எத்தனால் கலந்த லிப்போசோம் வகை) என்றால் பெரும்பாலும் தனி பிரிசர்வேட்டிவே தேவைப்படாது. எரிச்சல் தரும் என்பதால் புண்பட்ட தோலுக்கு அது ஆகாது.

கேள்வி: ஏர்லெஸ் பம்ப் (காற்று உள்ளே புகாத பாட்டில்) இருந்தால் பிரிசர்வேட்டிவை விட்டுவிடலாமா?

பதில்: கிருமி நீக்கி நிரப்பினால் மட்டும். லிப்போசோமை ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவிக் கலன்) வைத்தால் பெரும்பாலும் குலைந்துவிடும், கிருமியைத் தடுக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் 100 நானோமீட்டர் உருண்டை போகும், 400 போகாது.

கேள்வி: எக்ஸிமா உள்ள குழந்தைக்குப் பூசலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். படலம் சிதைந்த தோலில் மேலே சொன்ன தடுப்புக் கணக்கு எதுவும் செல்லாது.

கேள்வி: சேலஞ்ச் டெஸ்டில் (கிருமியை வேண்டுமென்றே சேர்த்துப் பார்க்கும் சோதனை) பாஸானால் போதும்தானே?

பதில்: ஐ.எஸ்.ஓ. 11930 சோதனை 28 நாள். புதிதாகச் செய்த பேட்சில் மட்டும் பார்க்காதீர்கள். மூன்று மாதம் வைத்ததிலும் செய்யுங்கள். கூடவே அல்ட்ராஃபில்ட்ரேஷன் (மிக நுண்ணிய வடிகட்டி உள்ள) குழாயில் சுழற்றி, உருண்டையில்லாத நீரைப் பிரித்து, அதிலுள்ள பிரிசர்வேட்டிவை எச்.பி.எல்.சி.யில் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். மொத்த அளவு அப்படியே இருக்க, இந்த எண் மட்டும் மாதத்துக்கு மாதம் இறங்கினால் மீதி லிப்போசோமிலோ பிளாஸ்டிக் பாட்டில் சுவரிலோ ஒட்டியிருக்கிறது. எது என்று அறிய, அதே பேட்சைக் கண்ணாடிப் புட்டியிலும் வைத்து ஒப்பிடுங்கள்.