காட்டு ஓடையில புது டயாட்டம்: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

டயாட்டம்னா என்னன்னே தெரியாது மேடம், சுருக்கமா சொல்லுங்களேன்.

கண்ணாடி ஓட்டுக்குள்ள வாழற ஒத்தை செல் பாசிங்க. ஓடையில கல்லு மேல கால் வச்சா பழுப்பா வழவழன்னு வழுக்கும் பாருங்க, அதுல பெரும்பாலும் இதுங்கதான் இருக்கும். ஓடு சிலிக்கா, டப்பாவும் மூடியும் மாதிரி ரெண்டு பாதியா பொருந்தி இருக்கும். கடல் குளம் எல்லாம் சேத்து பூமியில நடக்கற ஒளிச்சேர்க்கையில சுமார் அஞ்சுல ஒரு பங்கு டயாட்டம் பண்றதுன்னு கணக்கு.

அக்கா, மழைக்காட்டு ஓடையில எடுத்த சாம்பிள்ல ஒரு யூனோஷியா (டயாட்டம்ல ஒரு ஜீனஸ், அதாவது பேரினம்) இருக்கு, எங்க லேப்ல இருக்கற எந்த புத்தகத்திலயும் ஒத்துப்போகல. புது ஸ்பீஷீஸ்னு எழுதிடலாமா?

கொஞ்சம் பொறுங்க தம்பி. உங்க லேப்ல இருக்கறது ஐரோப்பா டயாட்டம் புத்தகங்களா இருக்கும், முக்காவாசி லேப்ல அதுதான். அத வச்சு வெப்பமண்டல காட்டு தண்ணிய பாத்தா ரெண்டு விதமா தப்பு நடக்கும், ஒண்ணு கொஞ்சம் ஜாடை இருந்தாலே போதும்னு ஐரோப்பா பேர தூக்கி வச்சிடறது, இன்னொண்ணு புத்தகத்துல இல்லன்னதும் புதுசுன்னு குதிக்கறது. யூனோஷியாங்கற பேர எஹ்ரன்பெர்க்ங்கற விஞ்ஞானி வச்சது 1837ல, அப்பலேர்ந்து அந்த ஜீனஸ்ல குவிஞ்ச பேருங்க ஏராளம், லேசா அமிலமா இருக்கற காட்டுத்தண்ணி இதுங்களுக்கு ரொம்ப பிடிக்கும்ங்கறதால வெப்பமண்டலத்துலேர்ந்தே நிறைய பேரு வந்திருக்கு. பழைய பேப்பர்ல ஒரு கோட்டுப்படமும் நாலு வரி லத்தீனும்தான் இருக்கும், அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, மியூசியத்துல இருக்கற டைப் ஸ்லைட, அதாவது பேர் வச்சப்ப ஆதாரமா வச்ச ஸ்லைட பாக்கணும், இல்லன்னா அத யாராவது மறுபடி படம் எடுத்து போட்டிருக்காங்களான்னு தேடணும். என் அனுபவத்துல மொத்த வேலையில முக்காவாசி இந்த ஒப்பிடறதுதான், மைக்ரோஸ்கோப் வேலை அப்புறம்தான்.

ஒரே ஸ்லைடுல 60 மைக்ரான்ல ஒண்ணு, 22 மைக்ரான்ல ஒண்ணு. நீளமானது நுனியில நல்லா வளைஞ்சிருக்கு, குட்டை கிட்டத்தட்ட நேரா இருக்கு. ரெண்டு ஸ்பீஷீஸா?

இந்த கேள்விக்காகத்தான் காத்துட்டிருந்தேன்! பெரும்பாலும் ஒரே ஸ்பீஷீஸாதான் இருக்கும். டயாட்டம் செல் ரெண்டா பிரியறப்ப பிள்ளைக்கு ஒண்ணா பழைய ஓட்டுல பாதி போகும், புது பாதி எப்பவும் பழசுக்கு உள்ளதான் உருவாகும், அதனால மூடி கிடைச்ச பிள்ளை அம்மா சைஸ்லயே இருக்கும், டப்பா கிடைச்ச பிள்ளை ஒரு துளி சின்னதாயிடும். இப்படியே தலைமுறை தலைமுறையா கூட்டத்தோட சராசரி குறைஞ்சுட்டே வந்து, ஒரு கட்டத்துல பாலினப்பெருக்கம் நடந்து ஆக்ஸோஸ்போர்ங்கற பெரிய செல் வந்து மறுபடி முழு சைஸுக்கு போகும். மெக்டொனால்டும் ஃபிட்சரும் 1869லயே இத சொல்லிட்டாங்க.

முக்கியமான விஷயம், நீளம் குறையற அளவுக்கு அகலம் குறையாது, அதனால உருவமே மாறும், நுனியில இருந்த வளைவு மழுங்கிடும். ஓட்டு மேல 10 மைக்ரானுக்கு எத்தனை கோடுங்கற கணக்கு மட்டும் பெருசா மாறாது. நான் பண்றது இதுதான், பெருசுலேர்ந்து சிறுசு வரைக்கும் குறைஞ்சது முப்பது ஓடு படம் எடுத்து ஒரே ஸ்கேல்ல வரிசையா ஒட்டுவேன். நடுவுல இடைவெளி இல்லாம ஒண்ணுலேர்ந்து ஒண்ணு வழுக்கிட்டு வந்தா ஒரே குடும்பம். 40 மைக்ரானுக்கும் 30 மைக்ரானுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாம கோடு எண்ணிக்கையும் தாவிச்சுன்னா அப்ப சந்தேகப்படுங்க.

அப்போ ஒரே ஒரு ஓடு வச்சு பேர் வைக்க முடியாதா?

வேண்டாம்ங்க. அது அங்கஹீனமா வளர்ந்த ஓடா கூட இருக்கலாம்.

ஓட்ட சுத்தம் பண்ண ஆசிட் போட்டும் ஓடெல்லாம் அழுக்கா ஒட்டிக்கிட்டே இருக்கு மேடம்.

கழுவறது பத்தலை. ஹைட்ரஜன் பெராக்சைடோ நைட்ரிக் ஆசிடோ எதுவானாலும் ஃப்யூம் ஹூட்ல மட்டும் பண்ணுங்க, பெராக்சைட சூடு பண்றப்ப நுரை திடீர்னு பொங்கும், பீக்கர்ல கால்வாசிக்கு மேல ஊத்தாதீங்க. அப்புறம் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஒரு நாள் படிய விட்டு மேல் தண்ணிய எடுத்து, இப்படி அஞ்சாறு தடவ. நல்லா சுத்தமாச்சுன்னா அடியில வெள்ளையா சாம்பலா ஒரு மாவு நிக்கும், லேசா ஆட்டினா தண்ணியில மினுமினுன்னு புகை மாதிரி எழும்பும், அத பாக்கறப்ப இப்பவும் மனசு நிறைஞ்சிடும் எனக்கு. கவர் ஸ்லிப்புல விட்ட சொட்ட அவசரமா காய வைக்காதீங்க, ஓரத்துல கும்பலா சேந்துடும். ஸ்லைடுல ஒட்டி மவுண்ட் பண்ண நாஃப்ராக்ஸ்ங்கற பிசின் மாதிரி ஒளிவிலகல் எண் 1.7 கிட்ட இருக்கறது வேணும், சாதாரண பிசின்ல கண்ணாடி ஓடு பாதி கண்ணுக்கே தெரியாது.

எஸ்.இ.எம். (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) கட்டாயமா? டிஎன்ஏ?

பேர் வைக்கற விதிப்படி ரெண்டும் கட்டாயம் இல்ல. ஆனா துளையோட உள்பக்க அமைப்பு, ராஃபேங்கற ஓட்டுப் பிளவு எங்க முடியுதுங்கறதெல்லாம் லைட் மைக்ரோஸ்கோப்ல தெளிவா கிடைக்காது, இன்னைக்கு எஸ்.இ.எம். படம் இல்லாம ஒரு ரிவ்யூவரும் விட மாட்டாங்க. டிஎன்ஏக்கு உயிரோட கல்ச்சர் கிடைச்சா ஆர்பிசிஎல் ஜீன் பாருங்க, ரொம்ப உதவும். ஸ்காட்லாந்துல எடின்பரோ ஊர் பிளாக்ஃபோர்ட் குளத்துல செல்லாஃபோரா ப்யூப்யூலான்னு ஒரே பேருல கூப்பிட்டுட்டிருந்தத கவனமா அளந்து பாத்து 2004ல பல ஸ்பீஷீஸா பிரிச்சாங்க. ஒரு ஊர் குளத்துலயே அப்படின்னா காட்டுக்குள்ள யாரும் பாக்காத ஓடையில என்ன இருக்கும்னு யோசிங்க.

பேர் வைக்க லத்தீன் தெரியணுமா? என் பேரே வச்சுக்கலாமா?

விவரணைய 2012லேர்ந்து இங்கிலீஷ்லயும் எழுதலாம், அதுக்கு முன்னாடி லத்தீன்தான். பேர் மட்டும் லத்தீன் வடிவத்துல இருக்கணும், யூனோஷியா பெண்பால்ங்கறதால பின்னாடி வர்ற அடைமொழி பெயரடையா இருந்தா அதுவும் பெண்பால்ல வரணும். சொந்த பேர வைக்கற வழக்கம் இல்ல. ஊர் பேர் அழகா இருக்கும், மேல சொன்ன எடின்பரோ ஸ்பீஷீஸ்ல ஒண்ணுக்கு அந்த ஊரோட செல்லப்பேரையே வச்சு ஆல்டுரீக்கின்னு போட்டாங்க. படம் கட்டாயம், ஹோலோடைப் ஸ்லைடு, அதாவது பேருக்கு ஆதாரமான அந்த ஒரு ஸ்லைடு, ஒரு ஹெர்பேரியத்துல (தாவர மாதிரி காப்பகத்துல) போய் சேரணும், எந்த ஹெர்பேரியம்னு பேப்பர்ல எழுதணும். உங்க மேசை டிராயர்ல இருந்தா செல்லாது. பேர ஃபைக்கோபேங்க்ங்கற பாசிப் பேர் பதிவேட்டுல பதிஞ்சிடுங்க.

அடுத்த மாசம் காட்டுக்கு போறேன் அக்கா, எதை மறக்கக்கூடாது?

பர்மிட் முதல்ல. அப்புறம் பிஎச், தண்ணியோட மின்கடத்துத்திறன், வெப்பநிலை, ஜிபிஎஸ், சாம்பிள் எடுத்தது கல்லு மேலயா ஈரப்பாசி (மாஸ்) மேலயா இலை மேலயா, எல்லாம் அங்கயே நின்னு பென்சில்ல எழுதுங்க, பேனா மை கரையும். ஈரப்பாசிய பிழிஞ்ச தண்ணிய தனி பாட்டில்ல வைங்க, யூனோஷியா அதுல நிறைய சிக்கும். அன்னைக்கு ராத்திரியே ஆசிட் போடாத ஒரு சொட்ட வச்சு உயிரோட பாத்துடுங்க, குளோரோபிளாஸ்ட் எத்தனை, என்ன வடிவம்னு வரைஞ்சு வைங்க. ஆசிட்ல போட்டப்புறம் ஓடு மட்டும்தான் மிஞ்சும், குளோரோபிளாஸ்ட பாக்கணும்னா மறுபடி காட்டுக்குதான் போகணும்.