சில ஃபெம்டோ விநாடிகளில் (விநாடியைப் பத்துக் கோடிக் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ விநாடி) மூலக்கூறு உடைகிறது என்கிறார்களே, அதை எந்தக் கடிகாரத்தால் அளந்தார்கள்?

கடிகாரம் அந்த மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வில் இதை நான் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1986இல் பிரான்ஸின் ஓர்சே நகரில் பால் மோரன், இரேன் நென்னர் என்ற இரு ஆய்வாளர்கள் ஹைட்ரஜன் புரோமைடு வாயுவில் சின்குரோட்ரான் ஒளியை, அதாவது வளைந்து விரையும் எலெக்ட்ரான்கள் உமிழும் ஒளியை, பாய்ச்சினார்கள். ஒளியின் ஆற்றல் சுமார் 70 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு); மென் எக்ஸ் கதிர்கள் தொடங்கும் எல்லைக்கு அருகில். புரோமினின் உட்கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரான் எழும்பி, பிணைப்பைக் குலைக்கும் ஒரு காலியான ஆற்றல் நிலையில் போய் அமர்கிறது. உள்ளே ஒன்று குறைந்துவிட்டதால், வெளிக்கூட்டு எலெக்ட்ரான்களுக்கு அணுக்கருவின் மின்னேற்றம் ஒன்று கூடியதுபோல் தோன்றும். புரோமினின் அணு எண் 35. அடுத்த எண் 36, கிரிப்டான். மந்த வாயுவோடு ஹைட்ரஜனுக்கு என்ன ஒட்டு? விலகி ஓடுகிறது.

இதற்கிடையில், உட்கூட்டில் விழுந்த ஓட்டை சுமார் 7 ஃபெம்டோ விநாடிகளில் நிரம்பிவிடும். மேலிருந்து ஓர் எலெக்ட்ரான் அதில் இறங்க, மிஞ்சிய ஆற்றலை வாங்கிக்கொண்டு இன்னோர் எலெக்ட்ரான் வெளியே பாயும். கடிகாரம் மணியடிப்பது அப்போதுதான். வெளிவந்த எலெக்ட்ரானின் ஆற்றலை அளந்தால், அது கிளம்பிய நொடியில் ஹைட்ரஜன் பக்கத்தில் இருந்ததா, போய்விட்டதா என்று தெரிந்துவிடும். மூலக்கூறிலிருந்து வந்தவை அகன்ற மேடுகளாகப் பரவும். தனி அணுவிலிருந்து வந்தவை ஊசிபோல் நிற்கும். அவர்களுக்குக் கிடைத்தவை தனிப் புரோமின் அணுவின் ஊசிக் கோடுகள். ஓட்டை நிரம்பும் முன்பே பல மூலக்கூறுகள் உடைந்திருந்தன! பயன்படுத்திய ஒளித்துடிப்போ அந்தக் கால அளவைவிடப் பல்லாயிரம் மடங்கு நீளமானது.

நான் பார்த்தது ஹைட்ரஜன் குளோரைடில். அங்கே சுமார் 201 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். குளோரின் ஆர்கானைப்போல் நடந்துகொள்ளும். கதிரின் ஆற்றலைச் சிறுகச் சிறுகக் கூட்டினேன். திரையில் மேடுகள் கூடவே நகர்ந்தன. ஊசிகள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கூட்டிய ஆற்றல் முழுவதையும் விலகும் துண்டுகள் தங்கள் வேகமாக எடுத்துக்கொண்டிருந்தன. பிறகு சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் இருமடங்கு எடையுள்ள வடிவமான டியூட்டீரியம் சேர்ந்த வாயுவை விட்டோம். ஓட்டை அதே நேரத்தில்தான் நிரம்புகிறது, ஆனால் டியூட்டீரியத்தால் அத்தனை விரைவாக ஓட முடிவதில்லை. அதே ஊசிகள் குட்டையாகி நின்றன.