பவர் ஸ்டீயரிங் ஆயில்: பார்ப்பதும் ஊற்றுவதும்

கேள்வி: ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். பானெட்டைத் திறந்து எவ்வளவு தேடியும் ஸ்டீயரிங் ஆயில் டப்பா கண்ணில் படவில்லையே?

பதில்: இருந்தால்தானே படும்! ஸ்விஃப்ட், ஐ10 வகை வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குத் துணை மின்மோட்டார்தான், ஆயிலே கிடையாது. மீட்டரில் ஈபிஎஸ் (எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்) விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் பழைய இன்னோவா, பொலிரோ போல பெல்ட்டில் பம்ப் ஓடும் வண்டிகளுக்கு.

கேள்வி: மூடியோடு வரும் குச்சியில் ஹாட், கோல்ட் என்று இரண்டு கோடு. எதைப் பார்ப்பது சார்?

பதில்: காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்றால் கோல்ட். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ஹாட். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், இன்ஜினை அணைத்துவிடுங்கள். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். உள்ளே விழுகிற தூசி நேரே பம்புக்குத்தான் போகும். குச்சியைத் துடைத்து, மூடியை முழுசாகத் திருகி, மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். டப்பா வெள்ளை பிளாஸ்டிக் என்றால் திறக்கவே வேண்டாம். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் மட்டம் தெரிந்துவிடும்.

கேள்வி: எந்த ஆயில், எவ்வளவு ஊற்றலாம்?

பதில்: மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ போட்டிருப்பதுதான். டொயோட்டாவின் பழைய வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். ஹோண்டாவுக்கு அதன் சொந்த ஆயில். ஜெர்மன் வண்டிகள் பலவற்றில் சிஎச்எஃப் 11எஸ் என்ற பச்சை நிற ஹைட்ராலிக் ஆயில். அதில் சிவப்பு ஏடிஎஃப்பைக் கலக்காதீர்கள். நிறத்தை மட்டும் நம்பி வாங்குவதும் தப்பு.

சின்னப் புனல் வைத்து 50 மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் மட்டம் பாருங்கள். அதிகமானால், சூட்டில் விரிந்து மூடி வழியாக வழியும், பெல்ட்டில் பட்டால் அதுவும் வழுக்கும். கூடிப்போனதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மினிமத்துக்கு வந்துவிடுகிறது. மெக்கானிக் “கொஞ்சம் ஆயில் குடிக்கும் சார், ஊத்திக்கிட்டே ஓட்டுங்க” என்கிறார்.

பதில்: இன்ஜின் ஆயில் எரிந்து குறையலாம். ஸ்டீயரிங் ஆயில் எரிய இடமே இல்லை, அது மூடிய சுற்று. குறைந்தால் எங்கோ கசிகிறது, அவ்வளவுதான். ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒருநாள் பம்ப் வறண்டு தேயும், அந்த இரும்புத்துகள் சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்குள் போகும், செலவு இரட்டிப்பு.

முதலில் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, இரவு அடியில் அட்டை விரியுங்கள். பிறகு ரிட்டர்ன் ஹோஸின் (ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரப்பர் குழாயின்) கிளாம்ப்பைப் பாருங்கள், இருப்பதிலேயே மலிவான ரிப்பேர் அதுதான். அடுத்து பம்ப் புல்லியின் பின்புறம்: அங்கே ஈரம் என்றால் ஷாஃப்ட் சீல். பிறகு ரேக்கின் இரு முனையிலும் உள்ள மடிப்பு ரப்பர் பூட். அதை அமுக்கும்போது உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. இன்ஜின் ஓடும்போது பிரஷர் பைப்பைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசி போல் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்துவிடும்.

கசிவை நிறுத்தும் மருந்து பாட்டிலா? சீலைக் கொஞ்சம் ஊத வைக்கும். லேசான கசிவுக்குச் சில நாள் தாங்கும், வெடித்த ஹோஸுக்கு உதவாது.

கேள்வி: ஹோஸ் மாற்றியபின் திருப்பும்போதெல்லாம் ‘ம்ம்ம்’ என்று முனகல், டப்பாவில் நுரை.

பதில்: காற்று புகுந்திருக்கிறது. முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக 15, 20 தடவை திருப்புங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்றபின் ஸ்டார்ட் செய்து ஐடிலில் மறுபடி சில தடவை. கோடியில் 5 வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், பம்ப் சூடேறும். பிறகும் முனகினால் டப்பாவின் அடியிலுள்ள வலை அடைத்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: முழுக்க ஒடிக்கும்போது மட்டும் ‘கீச்’.

பதில்: பெல்ட். ஆயிலைத் தொட வேண்டாம்.

கேள்வி: தவறிப்போய் பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டேன் அண்ணா!

பதில்: ஸ்டார்ட் செய்யவில்லையே? அப்படியென்றால் தப்பித்தீர்கள். டப்பாவை முழுசாக உறிஞ்சி, கழற்றிக் கழுவி, புதிது ஊற்றுங்கள். ஓட்டிவிட்டீர்கள் என்றால் முழு சுற்றையும் கழுவ வேண்டும், தாமதிக்காதீர்கள். பிரேக் ஆயில் கிளைகால் வகை. பவர் ஸ்டீயரிங் சீல் ரப்பரை ஊத வைத்துக் கெடுத்துவிடும்.

கேள்வி: ஆயில் கறுத்து, கருகிய வாடை. வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். சிரிஞ்சால் டப்பாவைக் காலி செய்து, புதிது ஊற்றி, இரண்டு நாள் ஓட்டி, மறுபடி செய்யுங்கள். மொத்தம் 1 லிட்டரில் டப்பா 300 மில்லி என்றால், மூன்று முறைக்குப் பிறகும் மூன்றில் ஒரு பங்கு பழசுதான் இருக்கும். ஐந்து, ஆறு முறை செய்தால் நிறம் தெளியும். எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.