பணம் போடுகிறவர்தான் பதிப்பாளர்

அன்புள்ள சார்,

வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளை வைத்து மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன், இருநூறு பக்கம் வரும். நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டில் பதிலே இல்லை. ஒன்றில் இப்போது புதியவர்களைப் போடுவதில்லை என்றார்கள். நான்காவது இடத்தில், "நன்றாக இருக்கிறது, அறுபதாயிரம் கட்டுங்கள், முந்நூறு பிரதி போடலாம், நூறு உங்களுக்கு" என்கிறார்கள். புத்தகத்துக்கு அடையாளமாகப் போடுகிற ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனியே மூவாயிரமாம். ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கு என்று இருக்கிறது. ஜனவரி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அவசரப்படுத்துகிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறாள் மனைவி. கட்டலாமா, இல்லை அமேசான் கிண்டிலில் மின்னூலாக நானே போட்டுவிடலாமா? சொந்தமாகப் போட்டால், பதிப்பாளர் கிடைக்காதவன் என்று பேசுவார்களோ என்றும் இருக்கிறது.

க., நாமக்கல்

அன்புள்ள க.,

முதலில் நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருவதில் தப்பில்லை. வேலைக்குக் கூலி, அவ்வளவுதான். ஆனால் அறுபதாயிரத்தை முந்நூறால் வகுத்தால் பிரதிக்கு 200 ரூபாய். உங்கள் ஊரிலோ ஈரோட்டிலோ சிவகாசியிலோ ஒரு அச்சகத்தில் டெம்மி அளவு, 200 பக்கம், 70 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் என்று சொல்லி விலை கேட்டுப்பாருங்கள், பாதியை ஒட்டித்தான் சொல்வார்கள். அப்புறம், உங்கள் நூறு போக மீதி இருநூறு அவரிடம் இருக்குமே, அது விற்றால் காசு யாருக்கு, கணக்கு யார் காட்டுவார்கள்? அச்சுக்குப் போகும் முன்பே அவருக்கு லாபம் வந்துவிட்டது. அந்த இருநூறை விற்க அவர் ஏன் அலைய வேண்டும்?

எனக்கும் இது நடந்ததுதான். என் முதல் தொகுப்புக்கு இப்படிப் பணம் கட்டினேன். கணக்கு ஒருநாளும் வரவில்லை, நானூறு பிரதி மட்டும் ஒரு வேனில் வந்து இறங்கியது. பரணில் கரையான் தின்றதுபோக நூற்றைம்பதை அக்கா மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தோம். ஒரே ஒருவர் போன் செய்தார். தேங்காய் அழுகல் என்று.

சொந்தமாகப் போட்டால் என்ன பேசுவார்களோ என்று கேட்டீர்கள். பாரதி 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்தை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி போடப்போகிறேன், கடன் தாருங்கள் என்று. தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல விற்றுத் தீரும் என்று உறுதியாக நம்பினார். மறுவருடம் இறந்தும் போனார். 'எழுத்து' பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பா தன்னுடைய 'சுதந்திர தாகம்' நாவலை 1997இல், எண்பதைத் தாண்டிய வயதில், தானே வெளியிட்டார். மூன்று பெரிய பாகங்கள். அவர் காலமான பிறகு, 2001இல், அதற்குத்தான் சாகித்ய அகாதமி விருது வந்தது. ஆகவே தமிழில் சொந்தமாகப் போடுவது இளக்காரமான காரியம் இல்லை. ஆனால் பாரதியின் அந்தத் தீப்பெட்டிக் கணக்கு இருக்கிறதே, அது முதல் புத்தகம் போடுகிற ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் ஓடும். உங்களுக்கும் ஓடும், ஜாக்கிரதை.

ஒப்பந்தத்தைத் திரும்பப் படியுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவுப்படி, எத்தனை காலத்துக்கு உரிமை தருகிறீர்கள் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் பொருள். 'எக்காலத்துக்கும்' என்று ஒரு சொல் எங்காவது ஒளிந்திருந்தால் கதை வேறு. நீங்களே பணத்தையும் கொடுத்து உரிமையையும் கொடுப்பது, வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாடகையும் கட்டுகிற மாதிரி. ஐஎஸ்பிஎன்னும் இலவசம்தான். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் எழுத்தாளர் தன் பெயரிலேயே இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும், அதனால் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, நீங்களே போடுகிறீர்கள் என்றால் இனி நீங்கள்தான் பதிப்பாளர். பதிப்பாளர் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி அச்சகத்துக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிடும். பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒருவர் பட்டறைக்காரராக இருக்கட்டும், இன்னொருவர் லாரியில் கையே வைக்காதவராக இருக்கட்டும். முதல் ஆள் தவறைச் சொல்வார், இரண்டாம் ஆள் எங்கே கொட்டாவி விட்டார் என்று பாருங்கள். அட்டைக்குப் பணம் கொடுத்து ஒரு ஓவியரையோ புகைப்படக்காரரையோ பிடியுங்கள், நெட்டில் எடுத்த படம் வேண்டாம்.

மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பதுதான் பெரிய விஷயம். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள், ஆனால் பக்கம் கட்டுகிற டிடிபிக்காரர்களில் பலர் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை செய்கிறார்கள், அவர் அதை மாற்றும்போது கொம்பு ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறிடத்தில் நிற்கும், 'ஸ்ரீ' காணாமல் போகும், மேற்கோள் குறி கேள்விக்குறியாகும். வேர்டில் நான்கு முறை திருத்திவிட்டேன் என்ற நிம்மதியில் நேராக அச்சுக்கு அனுப்பினால் இதெல்லாம் புத்தகத்தில்தான் தெரியும். பக்கம் கட்டிய பிறகு தாளில் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு ஒருமுறை முழுக்கப் படித்தே ஆக வேண்டும், அதுவும் நீங்கள் இல்லை, வேறு ஒருவர். ஒற்று மிகும் இடம் மிகா இடம் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் உங்கள் ஊரில் இல்லாமலா போவார்? அவருக்கு மரியாதையாகப் பணம் கொடுங்கள், சால்வை மட்டும் போர்த்திவிட்டு வந்துவிடாதீர்கள்.

முன்பெல்லாம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடிக்காவிட்டால் விலை கட்டாது. இப்போது தேவைக்கேற்ப அடிக்கிற முறை வந்துவிட்டதால் ஐம்பதே பிரதிகூடப் போடலாம், தீர்ந்தால் இன்னும் ஐம்பது. பிரதிக்குச் செலவு கூடும்தான், ஆனால் கரையானுக்குப் பங்கு போகாது. 250 ரூபாய் விலை வைத்தால் கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு போய் 150 கைக்கு வரும், அச்சுக்கு 115 ஆகியிருந்தால் மிச்சம் 35. அதுவும் விற்ற பிறகு, கேட்டுக் கேட்டு. நேரில் விற்றால் 135 நிற்கும். அதனால் கடைகளை மறக்க வேண்டாம், ஆனால் நம்பி இருக்கவும் வேண்டாம். இன்னொன்று, 1954ஆம் வருடச் சட்டப்படி புத்தகம் வெளிவந்த முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். நிறையப் பேர் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள்.

கிண்டிலிலும் போடுங்கள். ஒன்று போட்டால் இன்னொன்று கெடும் என்பதெல்லாம் இல்லை. ஆனால் இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீதம் ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், விலை வரம்பும் உண்டு, சேர்ந்தால் மின்னூலை மட்டும் 90 நாள் வேறெங்கும் தரக்கூடாது. சேராவிட்டால் 35 சதவீதம். அச்சுப் புத்தகத்தை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் விற்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மின்னூல் ரொம்ப வசதி, தபால் செலவே புத்தகத்தைவிட அதிகமாகும் இல்லையா.

ஜனவரி வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது. சென்னைப் புத்தகக் காட்சி நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் புத்தகத்தை இறக்குவார்கள், அந்த நெரிசலில் பழைய ஆட்களே மூச்சுத் திணறுகிறோம். உங்கள் நாவலுக்கு ஆயுத பூஜை இருக்கிறதே! வெல்டிங் மெஷினுக்கும் ஸ்பானருக்கும் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுக்கிற அன்றைக்கு ஒரு பட்டறையிலேயே வெளியிடுங்கள். முதல் பிரதியை டிங்கர் ஒருவர் வாங்கட்டும். ஜனவரி போனாலும், ஆயுத பூஜை வரை மெய்ப்புப் பார்க்க நேரம் கிடைக்கும்.

எனக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இனாமாக வேண்டாம், 250 ரூபாய் கொடுத்துத்தான் வாங்குவேன்.

அன்புடன்.