ஒப்புமை 32 சதவீதம் என்று ஜர்னல் திருப்பி அனுப்பினால்

உங்கள் ஆய்வுக் கட்டுரை ஏற்கெனவே உள்ள எழுத்துகளோடு 32 சதவீதம் ஒத்துப்போகிறது என்று ஜர்னல் திருப்பி அனுப்பிவிட்டது, என்ன செய்வது என்று சென்னையிலிருந்து கேட்கிறீர்கள். வார்த்தைகளை மாற்றிப் போட்டு அந்த 32 சதவீதத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். முதலில் எடிட்டரிடம் எந்த வரி எதோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் முழு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் நீங்களே எழுதியது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் பழைய வரைவுதான் காரணம். சென்னையில் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் டர்னிட்டின் என்ற ஒப்புமை சோதிக்கும் மென்பொருளில் ஏற்றிய பிரதி அங்கேயே சேமிக்கப்பட்டிருந்தால், அடுத்த முறை உங்கள் வரிகளே உங்களுக்கு எதிராக நிற்கும். நேர்மையாக எழுதியவருக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று புரிகிறது.

அறிக்கையின் முதல் ஆதாரத்தைப் பாருங்கள். மாணவர் கட்டுரை என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோடு இருந்தால் அதுதான். அதை எடிட்டருக்கு எழுதுங்கள். அப்புறம், நூல்பட்டியலை நீக்கி மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிகளும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் அடுத்தவர் பத்தி அப்படியே இருந்தால், யாருடையது என்று சான்று கொடுத்தது மட்டும் போதாது. மேற்கோள் குறி வேண்டும்; இல்லையென்றால் மூலத்தை மூடிவைத்துவிட்டுச் சொந்த நடையில் எழுதி, சான்றும் கொடுங்கள்.