சிங்கப்பூர் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், எப்போது வந்தது? அதற்கு முன் என்ன பணம் புழங்கியது?

1965-இல் தனி நாடானதும் கையோடு வந்த பணம் இல்லை இது. 1967 ஜூன் 12-ஆம் தேதிதான் வெளியானது.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அரசாங்கக் கணக்கு ரூபாயில் இருந்தது. கடைத்தெருவில் ஓடியதோ ஸ்பெயின், மெக்சிகோ வெள்ளி நாணயங்கள். 1850-களில் கம்பெனி ரூபாயைப் புகுத்தப் பார்த்தபோது வணிகர்கள் விடவில்லை. 1867-இல் நிர்வாகம் இந்தியாவிடமிருந்து லண்டனுக்குப் போனதும் ரூபாய்ப் பேச்சே முடிந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று சொந்த வெள்ளி நாணயம் 1903-இல் வந்தது. 1906-இல் அதன் மதிப்பைப் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டினார்கள். அப்புறம் 1939-இல் மலாயா வெள்ளி.

ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு கிடந்தது. பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழை. வரிசை எண் கிடையாது, 'எம்' என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும்தான். கொண்டுவந்தவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பான் அரசாங்கத்தின் வாக்குறுதி வேறு அச்சாகியிருக்கும். இஷ்டத்துக்கு அடித்துத் தள்ளியதில் விலைவாசி எகிறியது. 1945-இல் பிரிட்டிஷார் திரும்பி வந்து அது செல்லாது என்றார்கள். மூன்றரை வருட உழைப்பு வெறும் காகிதமானது. போருக்கு முந்தைய மலாயா நோட்டைப் பதுக்கி வைத்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு அடி 1967 நவம்பரில் விழுந்தது. பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. புதிய சிங்கப்பூர் வெள்ளி இறங்கவில்லை. ஆனால் அதற்கு முன் புழங்கி, இன்னும் கைமாறிக்கொண்டிருந்த 'மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளி' என்ற பழைய பொதுப் பணம் பவுண்டோடு சேர்ந்து இறங்கியது. பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய பணத்தில் 85 காசுதான். வங்கிப் பக்கம் போகாமல் சேமிப்பை வீட்டிலேயே நோட்டாக வைத்திருந்த ஏழைகளுக்குத்தான் இதில் பெரிய இழப்பு. பினாங்கில் கடையடைப்பு கலவரமாகவே வெடித்தது. நாணய வரலாறு என்று நோட்டுப் படங்களை மட்டும் வரிசையாகக் காட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்தான்.

மலேசியா, புருணை, சிங்கப்பூர் மூன்றும் 1967-இல் தனித்தனிப் பணம் வெளியிட்டாலும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாற்றிக்கொள்ள உடன்பாடு இருந்தது. மலேசியா 1973-இல் விலகிவிட்டது. புருணையோடு அது இன்றும் தொடர்கிறது. கடையில் புருணை நோட்டை மீதிச் சில்லறையாகக் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே அதே மதிப்புக்குச் செல்லும்.